ட்யூனர் 1:1 காட்டுது, ஆனா யாருக்கும் கேக்கல: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

தர்மபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் ஹாம் ரேடியோவுக்குப் புதிதாக வியூ3 கால்சைன் (நிலையத்தின் அழைப்புப் பெயர்) வாங்கியவர்கள் ஆண்டெனா ட்யூனர் பற்றிப் போன் பண்ணிக் கேட்பது பெரும்பாலும் அதே ஐந்தாறு புகார்கள்தான். கேட்ட கேள்விக்கே திரும்பத் திரும்ப வாயால் சொல்வதைவிட எழுதிவைத்துவிட்டால் அனுப்பிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். உங்களிடம் உள்ள அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில்.

தியரி வேண்டாம். இவ்வளவு மட்டும் மனதில் இருந்தால் போதும். ட்யூனர், ரிக்குக்கு (ரேடியோப் பெட்டிக்கு) அது எதிர்பார்க்கும் 50 ஓம் காட்டுகிறது. ட்யூனருக்கு அப்பால், கேபிளில் இருக்கும் எஸ்டபிள்யூஆர் (பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைச் சொல்லும் விகிதம், 1:1 என்றால் எதுவும் திரும்பவில்லை) எவ்வளவோ அவ்வளவேதான். அதை ட்யூனர் தொடுவதில்லை. ஆண்டெனாவிலிருந்து திரும்பி வரும் பவர் ட்யூனர் வரை வந்து, மறுபடி ஆண்டெனாவுக்கே அனுப்பப்படுகிறது. அப்படிப் போய்வரும் ஒவ்வொரு நடைக்கும் கேபிள் கொஞ்சம் தின்கிறது, ட்யூனரின் காயில் கொஞ்சம் தின்கிறது, பேலன் (கேபிளுக்கும் ஆண்டெனாக் கம்பிக்கும் இடையில் வரும் பொருத்தும் சுருள்) கொஞ்சம் தின்கிறது. தின்றதெல்லாம் சூடாக மாறும். அதனால் நஷ்டம் எங்கே என்று தேடுவது, சூடு எங்கே என்று தேடுவதுதான். கிணற்று மோட்டார் சீராக ஓடுகிறது என்பதால் கடைசி வயலுக்குத் தண்ணீர் போய்விட்டது என்று சொல்ல முடியுமா? நடுவில் ஓஸ் எங்கே கிழிந்திருக்கிறது என்று வரப்பில் நடந்து பார்த்தாக வேண்டும்.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு டம்மி லோடு (ஆண்டெனாவுக்குப் பதில் மாட்டும் 50 ஓம் ரெசிஸ்டர்), ரிக்கில் இருப்பது போக தனியாக ஒரு பவர்-எஸ்டபிள்யூஆர் மீட்டர், மல்டிமீட்டர், நல்ல நிலையில் இரண்டு பேட்ச் கேபிள் (பெட்டிகளை இணைக்கும் குட்டைக் கேபிள்). நானோவிஎன்ஏ (ஆண்டெனாவை அளக்கும் கையடக்கக் கருவி) இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லாவிட்டாலும் கீழே உள்ளதில் பெரும்பகுதி நடக்கும்.

ட்யூன் பண்ணும்போது 10 வாட்டுக்கு மேல் போகாதீர்கள். காலியான அலைவரிசையில், கால்சைன் சொல்லிவிட்டு. காயில் ஸ்விட்சை கேரியர் (பேச்சில்லாத வெறும் சிக்னல்) போய்க்கொண்டிருக்கும்போது திருப்பவே கூடாது. கான்டாக்ட் கருகுவது அதனால்தான்.

## எந்த அறிகுறி என்றாலும் முதலில் இது

ரிக், பேட்ச் கேபிள், மீட்டர், டம்மி லோடு. நடுவில் ட்யூனர் வேண்டாம். எஸ்டபிள்யூஆர் 1:1 அல்லது அதை ஒட்டி இருக்க வேண்டும், ரிக் முழு பவர் தர வேண்டும். இங்கேயே தராவிட்டால் மொட்டை மாடிக்கு ஏறுவது வீண்.

பவர் குறைவாக இருந்தால் மல்டிமீட்டரை சப்ளையின் முனையில் வைக்காமல், ரிக்கின் பின்னால் டிசி ஒயர் நுழையும் இடத்தில் வைத்துப் பாருங்கள். 13.8 வோல்ட் இருக்க வேண்டியது, டிரான்ஸ்மிட் பண்ணியதும் 12-க்குக் கீழே இறங்கினால் ஒயர் மெலிது, ஃபியூஸ் ஹோல்டர் தளர்ந்திருக்கிறது, அல்லது வீட்டு லைனே தொங்குகிறது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் த்ரீ-பேஸ் விட்டதும் சுற்றுவட்டார மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும். அந்த நேரத்தில் பழைய டிரான்ஸ்ஃபார்மர் வகை சப்ளை வைத்திருப்பவர்களுக்கு 100 வாட் ரிக் 60 வாட்தான் தரும். பழி ட்யூனர் மேல் விழும்.

அது சரியானால், அடுத்து ட்யூனரை நடுவில் வைத்து பைபாஸில் (ட்யூனர் வேலை செய்யாமல் சிக்னல் நேராகப் போகும் நிலையில்) போடுங்கள். முடிவில் டம்மி லோடு அப்படியே இருக்கட்டும். எஸ்டபிள்யூஆர் மாறக் கூடாது. மாறினால் ட்யூனருக்குள் சால்டர் விட்டிருக்கிறது அல்லது பேட்ச் கேபிள் கெட்டது.

## அறிகுறி 1: ட்யூன் அருமையாக ஆகிறது, ஆனால் யாரும் பதில் தருவதில்லை

"அண்ணா, முள்ளு ஒரேயடியா ஒண்ணுல போய் உக்காந்துக்குது. நெட்ல கூப்பிட்டா ஒருத்தரும் எடுக்க மாட்டேங்கறாங்க." (நெட் என்பது ஹாம்கள் குறித்த நேரத்தில் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது.) அதிகம் வரும் புகார் இதுதான். அதிகம் ஏமாற்றுவதும் இதுதான், ஏனென்றால் மீட்டர் "எல்லாம் நலம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

### முதலில், பேண்ட் திறந்திருக்கிறதா

40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ் பக்கம் உள்ள அலைவரிசைகளில்) காலை நேரத்தில் பெங்களூரு, சென்னை, கொச்சி நிலையங்கள் உங்களுக்குக் கேட்கிறதா? எதுவுமே கேட்கவில்லை என்றால் அது ட்யூனர் பிரச்சினையாக இல்லாமலும் போகலாம். இணையத்தில் திறந்துவிட்டிருக்கும் கிவி எஸ்டிஆர் ரிசீவர் ஏதாவது ஒன்றை, சில நூறு கிலோமீட்டர் தள்ளி உள்ளதாகப் பார்த்து, உங்கள் சிக்னல் அங்கே வருகிறதா என்று நீங்களே கேளுங்கள். அடுத்தவர் தரும் 5-9-ஐ (தெளிவாக, பலமாகக் கேட்கிறது என்ற மதிப்பெண்ணை) நான் நம்புவதில்லை. மரியாதைக்கு எல்லோரும் 5-9 கொடுப்பார்கள்.

### மீட்டர் எந்தப் பக்கம் இருக்கிறது

ரிக்குக்கும் ட்யூனருக்கும் நடுவில் உள்ள மீட்டர், ட்யூன் ஆனபின் எப்போதும் 1:1 காட்டும். ரிக்குக்குள்ளேயே ட்யூனர் இருந்தால் திரையில் வருவதும் அதே மாதிரிதான். கேபிளின் உண்மை நிலை தெரிய வேண்டுமானால் ட்யூனரை பைபாஸில் போட்டு, குறைந்த பவரில் பாருங்கள். அந்த எண்ணைப் பேண்ட் வாரியாக ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பிற்பாடு ஏதாவது மாறினால் ஒப்பிட அந்த நோட்டு ஒன்றுதான் சாட்சி.

2:1 வந்தால் பயப்பட வேண்டாம். திரும்பி வருவது 11 சதவீதம். 3:1 என்றால் 25 சதவீதம். இவை திரும்பி வரும் அளவு. அத்தனையும் நஷ்டம் என்று கணக்குப் போட்டுவிடாதீர்கள். கேபிள் நல்லதாக, நீளம் குறைவாக இருந்தால் 3:1-லும் பெரும்பகுதி வானத்துக்குத்தான் போகிறது.

### பொய் மேட்ச்

கையால் திருப்பும் ட்யூனர்களில் பெரும்பாலானவை இரண்டு கேங் கண்டென்சர், நடுவில் ஒரு காயில். இந்த அமைப்பில் ஒரே ஆண்டெனாவுக்குப் பல இடங்களில் 1:1 கிடைக்கும். எல்லாம் சமம் இல்லை. காயில் அதிகமாகவும் கண்டென்சர் குறைவாகவும் வைத்து ட்யூன் பண்ணினால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் சுழன்று காயிலைச் சூடாக்கிவிட்டு, மிச்சம் மீதி வெளியே போகும். குட்டைக் கம்பியை 80 மீட்டரில் ஓட்டுகிறவர்களுக்கு இப்படி 20 சதவீதம் ட்யூனருக்குள்ளேயே போவது அபூர்வம் இல்லை.

சோதனை: 1:1 வந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். காயிலை ஒரு படி குறையுங்கள். இரண்டு கண்டென்சரையும் மறுபடி சரிபாருங்கள். மீண்டும் 1:1 கிடைத்தால் இன்னொரு படி குறையுங்கள். எதற்குக் கீழே கிடைக்கவில்லையோ, அதற்கு முந்தைய படிதான் சரியான இடம். கண்டென்சர் தகடுகள் முடிந்தவரை உள்ளே நுழைந்திருக்க வேண்டும், காயில் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும். எந்தக் குமிழில் எந்தப் பக்கம் அதிகம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மூடியைத் திறந்து ஒரு முறை கண்ணால் பார்த்துவிடுங்கள், ரிக்கை அணைத்துவிட்டு.

இதற்கு இன்னொரு அடையாளம்: சரியான இடத்தில் ட்யூனிங் மந்தமாக இருக்கும், பொய் மேட்ச்சில் முள் மயிரிழை திருப்பினாலே துள்ளும்.

### 40 மீட்டர் டைபோலை 20 மீட்டரில் ஓட்டுகிறீர்களா

இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு வெட்டிய டைபோல் (நடுவில் கேபிளை இணைத்து இரு பக்கமும் இழுத்துக் கட்டிய கம்பி) சுமார் 20 மீட்டர் நீளம். தென்னைக்கும் மாடித் தூணுக்கும் நடுவில் கட்டியாயிற்று, மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இறக்கியாயிற்று, 40-ல் ட்யூனரே தேவையில்லை. சரி, ரிக்குக்கு வெளியே வைக்கும் ட்யூனர் ஒன்று வாங்கினால் 20-லும் ஓடுமே என்று தோன்றும். ஓடவும் செய்யும், முள் சொல்வதைப் பார்த்தால்.

20 மீட்டர் பேண்டில் (14 மெகாஹெர்ட்ஸில்) அந்தக் கம்பி முழு அலைநீளம். நடுவில் கேபிள் சேரும் இடமான ஃபீட் பாயிண்டில் ஆயிரக்கணக்கான ஓம். கம்பியின் தடிமன், உயரம் பொறுத்து எஸ்டபிள்யூஆர் மேலே 50, 60-க்கு 1 என்று நிற்கும். 60 என்றே வைத்துக்கொண்டு, 20 மீட்டர் நீள ஆர்ஜி-58 கேபிளுக்குக் கணக்குப் போட்டால், 100 வாட் அனுப்பினால் கம்பிக்குப் போய்ச்சேர்வது 11, 12 வாட். மிச்சம் கேபிளைச் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது. அதே நீளத்துக்குத் தடித்த ஆர்ஜி-213 போட்டால் 23 வாட் தேறும். அதுவும் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்குதான்.

இதில் ஏமாற்று என்னவென்றால், மேலே 60 இருக்கும்போது கீழே ரிக் இருக்கும் அறையில் (ஷாக் என்போம்), பைபாஸில் மீட்டர் காட்டுவது 7 மாதிரிதான். திரும்பி வரும் பவரையும் கேபிள் வழியிலேயே தின்றுவிடுவதால் மீட்டருக்கு வந்து சேர்வது குறைவு. 7-ஐ ட்யூனர் சுலபமாகச் சமாளித்துவிடும். எல்லோருக்கும் சந்தோஷம், சிக்னலைத் தவிர.

வழிகள், மலிவு முதல்:

அதே ஃபீட் பாயிண்டில் 20 மீட்டருக்குத் தனியாக இன்னொரு ஜோடிக் கம்பி. பக்கத்துக்கு 5 மீட்டர் சொச்சம், 40 மீட்டர் கம்பிக்குக் கீழே விலகித் தொங்குமாறு. கடைசியில் கொஞ்சம் நீளம் விட்டு வெட்டி, பிறகு குறையுங்கள். வீட்டு ஒயரிங் ஒயரே போதும். என் முதல் பரிந்துரை எப்போதும் இதுதான்.

கேபிளை எடுத்துவிட்டு ஏணிக் கம்பி. 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரண்டு கம்பி, நடுவே 75 மில்லிமீட்டர் இடைவெளி, பிவிசி குழாய்த் துண்டுகள் இடையில்: 600 ஓம் ஏணி தயார். இதே டைபோலை 20 மீட்டர் பேண்டில் ஓட்டும்போது, இருபது மீட்டர் ஓட்டத்தில் இது தின்பது 100 வாட்டில் ஐந்து வாட் வாக்கில்தான். ஆனால் சுவரை, தகரக் கூரையை, இரும்பு ஜன்னலை ஒட்டிக் கொண்டுபோக முடியாது. குறைந்தது ஒரு சாண் தள்ளி வர வேண்டும். ஓட்டு வீட்டுக்காரர்களுக்குச் சுலபம், மாடி வீட்டுக்காரர்களுக்குத் தலைவலி.

அடுத்தது, ட்யூனரையே மேலே, ஃபீட் பாயிண்ட் அருகில் வைப்பது. மழை வெயில் தாங்கும் ரிமோட் ஆட்டோ ட்யூனர். விலை அதிகம். பட்ஜெட் இருந்தால் நல்ல தீர்வு.

தடித்த கேபிள் வாங்குவதை இந்தப் பட்டியலில் கடைசியில் வைக்கிறேன். காசுக்கு ஏற்ற பலன் இங்கே இல்லை.

### கேபிளே செத்துப்போயிருக்கலாம்

எல்லாப் பேண்டிலும் எஸ்டபிள்யூஆர் ரொம்ப நன்றாக இருக்கிறது, வருடா வருடம் இன்னும் நன்றாகிக்கொண்டே வருகிறது என்றால் சந்தேகப்படுங்கள். தண்ணீர் குடித்த கேபிள் ஒரு டம்மி லோடு.

சோதனை: மேல் முனையில் ஆண்டெனாவைக் கழற்றிவிடுங்கள். எதுவும் இணைக்காமல் முனை திறந்திருக்கட்டும். கீழே ட்யூனர் பைபாஸில், 5 வாட், இரண்டு நொடி. நானோவிஎன்ஏ இருந்தால் அதிலேயே பாருங்கள், ரிக்குக்குத் தொல்லை இல்லை. திறந்த முனையிலிருந்து எல்லாமே திரும்பி வந்தாக வேண்டும், அதனால் எஸ்டபிள்யூஆர் மோசமாக இருப்பதுதான் ஆரோக்கியம்.

9 காட்டினால் கேபிளின் ஒருவழி நஷ்டம் 1 டெசிபெல். 4 என்றால் 2.2 டெசிபெல். 3 என்றால் 3 டெசிபெல்: பொருந்திய ஆண்டெனாவுக்கே பாதிப் பவர்தான் போகும். 2 காட்டினால் அந்தக் கேபிளைக் கொடியாகக் கட்டித் துணி காயப்போடலாம்.

30 மீட்டர் நீளப் புது ஆர்ஜி-58 கேபிளுக்கு 14 மெகாஹெர்ட்ஸில் 5 வாக்கில் வருவது இயல்பு. அதைவிட நிறைய இறங்கியிருந்தால் மேல்முனை கனெக்டரிலிருந்து ஒரு அடி தள்ளி மேலுறையைக் கீறிப் பாருங்கள். பின்னல் செம்பு பளபளப்பாக இருந்தால் பிரச்சினை கனெக்டரில். கறுத்தோ பச்சை பூத்தோ இருந்தால் தண்ணீர் உள்ளே போயாயிற்று. வெயிலில் காயவைத்தால் சரியாகாது, பின்னல் வழியே தண்ணீர் வெகுதூரம் இறங்கும். மாந்தோப்பில் கட்டியவர்கள் கேபிளை முழு நீளத்துக்கும் கையால் தடவிப் பாருங்கள். அணில் கடித்த இடம் விரலுக்குத் தெரியும், கண்ணுக்குத் தெரியாது.

புதுக் கேபிள் போடும்போது கனெக்டர் மேல் சாதா இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றினால் ஒரு சித்திரை வெயிலுக்கே பசை உருகிப் பிரிந்துவிடும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப் ஒரு சுற்று, அதன்மேல் இன்சுலேஷன் டேப், பிறகு கேபிள் கனெக்டரிலிருந்து கீழே தொங்கி ஒரு வளைவு போட்டு வரட்டும்.

## அறிகுறி 2: ட்யூன் ஆகவே மாட்டேன் என்கிறது, ரிலே கடகடவென்று அடித்துக்கொண்டே இருக்கிறது

### எல்லைக்கு வெளியே இருக்கிறது

ரிக்குக்குள் இருக்கும் ட்யூனர்களில் பெரும்பாலானவை 3:1 வரைதான், அதாவது சுமார் 17 ஓம் முதல் 150 ஓம் வரை. பைபாஸில் அதற்கு மேல் இருந்தால் ரிலேயைக் குறை சொல்லிப் பயனில்லை.

### எங்கோ அறுந்திருக்கிறது

நேற்று வரை ஆன பேண்டில் இன்று ஆகவில்லையா? கேபிளின் கீழ் முனையில் மல்டிமீட்டர் வையுங்கள். டைபோலுக்கு 1:1 சோக் பேலன் என்றால் நடு ஊசிக்கும் உறைக்கும் நடுவே தொடர்பு இருக்கக் கூடாது. 4:1 வோல்டேஜ் பேலன் என்றால் ஷார்ட் காட்டும், அது இயல்பு. உங்களுடையது எது என்று முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். கேபிள் முனையில் வரும் பிஎல்-259 கனெக்டரில் நடு ஊசிக்குள் சால்டர் ஏறாமல் கம்பி சும்மா உட்கார்ந்திருப்பது, நான் பார்த்தவரை, மற்ற எல்லாக் காரணத்தையும்விட அதிகம்.

### ஒரே ஒரு பேண்டில் மட்டும் ஆகவில்லை

கேபிளில் இரண்டு, மூன்று மீட்டர் கூட்டிப் பாருங்கள். ட்யூனர் பார்க்கும் ஓம் மாறும். சில சமயம் அது எல்லைக்குள் வந்துவிடும். லாஸ் குறையாது, ட்யூன் மட்டும் ஆகும்.

ஜன்னலிலிருந்து மரத்துக்கு நீளக் கம்பி இழுத்து, 9:1 டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறவர்கள் நீளத்தைப் பாருங்கள். 10 மீட்டர், 20 மீட்டர் என்று முழு எண்ணில் வெட்டும் பழக்கம் இங்கே பகை. அவை 20, 40 மீட்டர் பேண்டுகளின் அரை அலைநீளம், ஓம் எகிறிவிடும். 17 மீட்டருக்கும் 18 மீட்டருக்கும் நடுவில் வையுங்கள். 40, 20, 15, 10 நான்கிலும் தகராறு குறையும்.

இந்த வகைக் கம்பிக்கு எதிர்க்கம்பி (ஆண்டெனாவின் மறுபாதியாக எர்த் முனையில் இணைக்கும் ஒயர்) கட்டாயம். "எர்த் ராடு அடிச்சிருக்கேன் சார்" என்பார்கள். நம் மண்ணில் செம்மண் இரண்டடி, அதற்குக் கீழே பாறை. ராடு முழுசாக இறங்கியிருக்காது, இறங்கினாலும் கோடையில் காய்ந்த மண்ணில் ஆர்எஃப்புக்கு (ரேடியோ அலைவரிசை மின்னோட்டத்துக்கு) அது பெரிதாக உதவாது. தரையோடு தரையாக நாலைந்து ஒயர், வெவ்வேறு நீளத்தில் விரித்துப் போடுங்கள். ஆடு மாடு இடறாமல் மண்ணில் ஒரு விரல் ஆழம் புதைத்தால் போதும்.

### ரிலே தேய்ந்திருக்கிறது

டம்மி லோடு வைத்தே ஆட்டோ ட்யூனர் நிலைக்கு வரவில்லை, அல்லது பெட்டியை லேசாகத் தட்டினால் எஸ்டபிள்யூஆர் மாறுகிறது என்றால் ரிலே கான்டாக்ட் கருகியிருக்கிறது. தனிப் பெட்டி ட்யூனரில் ரிலே மாற்றுவது டிவி மெக்கானிக்கே செய்யக்கூடிய வேலை. ரிக்குக்குள் இருப்பது என்றால் கை வைக்காதீர்கள், சர்வீஸுக்கு அனுப்புங்கள்.

## அறிகுறி 3: ட்யூன் ஆகிறது, பேசப் பேச எஸ்டபிள்யூஆர் ஏறுகிறது

காற்று அடிக்கும்போது மட்டும் ஆடினால் தளர்ந்த இணைப்பு, அல்லது கம்பி முனை இலையில் உரசுகிறது. டைபோலின் முனைகளில்தான் வோல்டேஜ் அதிகம். அங்கே இலை பட்டால் போதும்.

காற்றில்லாத நேரத்திலும் ஒரே சீராக ஏறினால் ஏதோ சூடாகிறது. 30 நொடி கேரியர் அனுப்புங்கள், ரிக்கை அணையுங்கள், பிறகு கையால் தொட்டுப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டில் இருக்கும்போது தொட்டால் விரலில் வெள்ளையாக ஒரு புள்ளி பொசுங்கும், ஆற நாளாகும்.

சுடுவது பேலன் என்றால்: ட்யூனருக்குள் இருக்கும் சின்ன 4:1 பேலனுக்கு ஏணிக் கம்பியிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான ஓம் தாங்காது. ஏணியின் நீளத்தை ஒன்றிரண்டு மீட்டர் மாற்றிப் பாருங்கள். பிறகு வெளியே தனியாக ஒரு 1:1 கரண்ட் பேலன், பெரிய ஃபெரைட் வளையத்தில். சுடுவது காயில் என்றால் மேலே சொன்ன பொய் மேட்ச் சோதனைக்குப் போங்கள். கேபிளின் ட்யூனர் பக்க முதல் சில மீட்டர் வெதுவெதுப்பாக இருந்தால் மேலே சொன்ன, 40 மீட்டர் டைபோலை 20-ல் ஓட்டும் கதைதான்.

எஃப்டி8 (கம்ப்யூட்டர் வழியாக அனுப்பும் டிஜிட்டல் முறை) ஓட்டுகிறவர்கள் 100 வாட் ட்யூனரில் 100 வாட் போடக் கூடாது. பெட்டியில் எழுதியிருப்பது பெரும்பாலும் பேச்சுக்கான உச்ச அளவு. எஃப்டி8 30 நொடிக்கு ஒரு முறை கிட்டத்தட்ட 13 நொடி விடாமல் அழுத்துகிறது. 30 வாட் போதும், ஊரே கேட்கும்.

## அறிகுறி 4: ட்யூனருக்குள் டப், சர்ர் என்று சத்தம்

பவரைக் குறையுங்கள், உடனே. 100 வாட் 50 ஓமில் 71 வோல்ட். அதே 100 வாட் 3000 ஓமில் 550 வோல்ட், உச்சத்தில் 775. சின்ன ட்யூனரின் தகடு இடைவெளி அதைத் தாங்காது.

இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, மூடியின் காற்றுத் துளை வழியே பாருங்கள். நீலப்பொறி எந்தக் கண்டென்சரில் என்று தெரியும். மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு டிரான்ஸ்மிட் பண்ணாதீர்கள்.

காரணங்களில் முதலிடம் தூசிக்கும் உயிரினத்துக்கும். கிரானைட் அறுக்கும் பட்டறை பக்கத்தில் இருந்தால் தகடுகளின் நடுவே வெள்ளைப் பொடி படிந்திருக்கும். சிற்றெறும்பு கூடு கட்டும். பல்லி உள்ளே போய் வறுபட்டுக் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கரி எடுக்கும்வரை அந்த இடத்தில் பொறி நிற்காது. மெல்லிய பிரஷ், ஊதும் பம்பு, கடைசியில் ஐசோப்ரொபைல் ஆல்கஹால். தகட்டின் ஓரத்தில் பொறித்த இடம் முள்ளாக நின்றால் மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள்.

சுத்தம் பண்ணியும் பொறித்தால் கண்டென்சரை அதிகப்படுத்தி வேறு மேட்ச் தேடுங்கள், கேபிள் நீளத்தை மாற்றுங்கள். அப்போதும் என்றால் அந்த ஆண்டெனா அந்த ட்யூனருக்கு மேற்பட்டது.

## அறிகுறி 5: மைக் உதட்டைச் சுடுகிறது, கம்ப்யூட்டர் நின்றுபோகிறது

முதலில் ஒரு கேள்வி: ரிசீவில் சும்மா இருக்கும்போதும் ரிக்கின் உடம்பைத் தொட்டால் சுருக்கென்கிறதா? டெஸ்டர் எரிகிறதா? அப்படியானால் இது ஆர்எஃப் இல்லை, வீட்டுக் கரண்ட். பிளக்கைப் பிடுங்குங்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்திங்கைப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை எதையும் தொட வேண்டாம்.

டிரான்ஸ்மிட்டில் மட்டும் என்றால் கேபிளின் வெளி உறை மேல் ஆர்எஃப் ஓடி ஷாக்குக்குள் வருகிறது. ட்யூனர் இதைத் தீர்க்காது. உறுதிப்படுத்த, கேபிளில் இரண்டு மீட்டர் கூட்டுங்கள். பைபாஸ் எஸ்டபிள்யூஆர் கணிசமாக மாறினால், அல்லது கேபிளைக் கையால் பிடித்ததும் முள் நகர்ந்தால், அதேதான்.

ஃபீட் பாயிண்டில் சோக் (வெளி உறை மேல் ஓடும் ஆர்எஃப்பைத் தடுக்கும் சுருள்): பெரிய ஃபெரைட் வளையத்தில், 31 அல்லது 43 கலவை, ஆர்ஜி-58 பத்துப் பன்னிரண்டு சுற்று. ஃபெரைட் கிடைக்காவிட்டால் ஐந்தாறு மீட்டர் கேபிளையே ஒரு சாண் அகலத்தில் சுற்றிக் கட்டுங்கள். 20 மீட்டர் முதல் மேலே உள்ள பேண்டுகளுக்கு உதவும், 40-க்குப் போதாது. அதன்பின் மிச்சமிருந்தால் யூஎஸ்பி ஒயரிலும் மைக் ஒயரிலும் கிளிப் ஃபெரைட். முனையில் ஊட்டும் (ஒரு நுனியில் மட்டும் இணைக்கும்) கம்பிக்காரர்கள் எதிர்க்கம்பியைச் சரிபார்க்காமல் ஃபெரைட்டுக்குச் செலவு பண்ண வேண்டாம்.

## அறிகுறி 6: மழை பெய்தால் மட்டும் தகராறு

நனைந்ததும் எஸ்டபிள்யூஆர் குறைந்தபட்சம் வரும் அலைவரிசை சற்றுக் கீழே நகர்ந்து, காய்ந்ததும் பழைய இடத்துக்கு வந்தால் அது நனைந்த உறைக் கம்பி, நனைந்த இலை. மறு ட்யூன் பண்ணிக்கொண்டு போகலாம். இடையிடையே ஜன்னல் மாதிரித் துளை விட்ட பிளாஸ்டிக் ஏணி கேபிளும் நனைந்தால் இப்படித்தான் குணம் மாறும். நடுவில் காற்று மட்டும் உள்ள ஏணிக்கு இந்தத் தொல்லை குறைவு.

காய்ந்த பின்னும் இரண்டு மூன்று நாள் திரும்பாவிட்டால் தண்ணீர் உள்ளே இருக்கிறது. பேலன் பெட்டியின் அடியில் ஒரு சிறு துளை இருக்கிறதா பாருங்கள். முழுக்க அடைத்த பெட்டிக்குள் இரவுப் பனி நீராகி நிற்கும், தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் மார்கழியில் நிச்சயம். துளை இருந்தால் வடிந்துவிடும்.

சித்திரை, வைகாசி இடிமழைக் காலத்தில் கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விடுங்கள். கனெக்டரைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு வைப்பது மின்னலுக்குத் தடை இல்லை. இடி கேட்கத் தொடங்கிய பிறகு கழற்றப் போகவும் வேண்டாம்.

## எப்போது ஆளைக் கூப்பிடுவது

டம்மி லோடிலேயே ரிக் பவர் தரவில்லை, வோல்டேஜும் சரி: ஃபைனல் டிரான்சிஸ்டர் பக்கம் போயிருக்கலாம். சர்வீஸ் பண்ணுகிறவரிடம் கொடுங்கள், "ட்யூனர் கெட்டுப்போச்சு" என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்த சோதனையையும் எண்களையும் எழுதிக் கொடுங்கள். வேலை நேரம் பாதியாகும், கூலியும்.

எல்லாச் சோதனையும் செய்தும் புரியவில்லை என்றால் ஆண்டெனா அனலைசர் வைத்திருக்கும் மூத்த ஹாம் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். ஃபீட் பாயிண்டிலேயே வைத்து அளந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அதற்கு முன் கம்பியைக் கீழே இறக்கி ஏற்றக் கப்பியும் கயிறும் கட்டி வையுங்கள்.

தென்னை மேலேயோ கம்பத்து மேலேயோ வேலை என்றால் மரம் ஏறும் ஆள். நீங்கள் ஏறாதீர்கள். கம்பி அறுந்து ஈபி லைன் மேல் விழுந்திருந்தால், அல்லது விழக்கூடிய தூரத்தில் இருந்தால், கம்பியையும் கேபிளையும் ட்யூனரையும் எதையும் தொடாமல் மின்வாரிய ஆபீஸுக்குப் போன் பண்ணி லைனை நிறுத்தச் சொல்லுங்கள். லைன்மேன் வந்து "ஆஃப் பண்ணியாச்சு" என்று நேரில் சொன்ன பிறகுதான் கிட்டே போக வேண்டும்.